ஹவுல்ஸ் மூவிங் காசில்: சிரிப்பு சரி, மந்திரம் சரி, காதல் எங்கே இருக்கிறது?

கொன்றை

இந்த மாத வாசிப்புக்கு டயானா வின் ஜோன்ஸ் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ நாவலை எடுத்திருந்தோம். 1986-இல் வந்த ஆங்கில நாவல். முடித்தவர்கள் கருத்துகளை இங்கே எழுதுங்கள். முடிக்காதவர்கள் கவனம், கடைசி அத்தியாயம் வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறோம்.

படிக்காமல் எட்டிப் பார்ப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கரி என்று ஒரு நாடு. ஒரே எட்டில் ஏழு காதம் தாண்டும் பூட்ஸ், போர்த்திக்கொண்டால் ஆளை மறைக்கும் அங்கி எல்லாம் அங்கே நிஜமாகவே உண்டு. அந்த ஊரில் மூன்று பிள்ளைகளில் மூத்ததாகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் தேடிக் கிளம்பினால் மூத்ததுதான் முதலில் தோற்கும், கடைக்குட்டிதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். சோஃபி மூத்தவள். அப்பா இறந்ததும் தங்கைகள் லெட்டியும் மார்த்தாவும் வெளியே தொழில் பழகப் போகிறார்கள். இவள் சிற்றன்னையின் தொப்பிக் கடையிலேயே தங்கிவிடுகிறாள். பாழ்நிலச் சூனியக்காரி ஒரு நாள் கடைக்குள் வந்து அவளைத் தொண்டு கிழவியாக மாற்றிவிடுகிறாள். சாபத்தைப் பற்றி வெளியே சொல்லவும் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பிய சோஃபி, மலைமேல் நகர்ந்துகொண்டிருக்கும் ஹவுல் என்ற மந்திரவாதியின் கோட்டைக்குள் நுழைந்து, வேலைக்காரி என்று தன்னைத் தானே நியமித்துக்கொள்கிறாள். அந்த வீட்டு அடுப்பில் எரிவது கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதம். ஹவுலோடு தனக்குள்ள ஒப்பந்தத்தை உடைத்துத் தந்தால் சாபத்தை எடுத்துவிடுகிறேன் என்று அது அவளிடம் பேரம் பேசுகிறது. ஒப்பந்தம் என்ன என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது.

சரி, என் கருத்து. இதைக் காதல் நாவல் என்று சொல்லித்தான் எனக்குக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் புத்தகம் வரை காதலர் இருவரும் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அவள் திட்டுகிறாள், அவன் நழுவுகிறான். அவள் குளியலறையைச் சுத்தம் செய்யும்போது அவனுடைய தலைமுடிச் சாயப் பொட்டலங்களை இடம் மாற்றி வைத்துவிடுகிறாள். முடி வேறு நிறத்தில் வந்ததும், வாழ்க்கையே முடிந்துபோனது போல அவன் ஓலமிட்டு உட்கார, உடம்பெல்லாம் பச்சைக் கூழாக வழிந்து தரையில் ஓடுகிறது. அடுப்பையே அணைத்துவிடும் போலிருக்கிறது. கிழவி அவனைத் தள்ளிக்கொண்டு போய்க் குளியலறையில் விடுகிறாள். இவ்வளவையும் படித்துவிட்டு, நான் படித்த காதல் கதைகளில் மிக நல்ல ஒன்று இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றியதா?

பனையோலை

கொன்றை, எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிரித்தேன், ரசித்தேன், அதில் குறை இல்லை. ஆனால் காதல் நம்பும்படி இல்லை.

முதலில் ஹவுல். ஊரில் அழகான பெண் யாரைப் பார்த்தாலும் பின்னாலேயே போகிறான். அவள் மனம் இளகியதும் விட்டுவிட்டு அடுத்த பெண்ணைத் தேடுகிறான். அந்தப் பெண்களின் அத்தைமார்கள் சண்டைக்கு வந்து நிற்பதை ஹவுலிடம் தொழில் பழகும் பையன் மைக்கேல் சொல்லும் இடம் படிக்க வேடிக்கைதான். ஆனால் அந்தப் பெண்கள் பக்கமிருந்து ஒரு வரி கூடக் கிடையாது. சோஃபியின் சொந்தத் தங்கை லெட்டியிடமே போய் வருகிறான். அப்படிப்பட்டவன் கடைசி இரண்டு பக்கங்களில் சோஃபிக்கு உரியவன் ஆகிறான் என்றால் நான் எதை வைத்து நம்புவது?

இரண்டாவது, முடிவு. இருபது அத்தியாயம் சாவகாசமாக வீடு பெருக்கிக்கொண்டிருந்த கதை, கடைசியில் மூச்சு முட்ட ஓடுகிறது. காணாமல் போன இளவரசர் ஜஸ்டின், மந்திரவாதி சுலிமன் இருவரையும் துண்டு துண்டாக்கிப் புதிதாக ஒரு ஆளை உருவாக்கப் பார்த்தார்கள் என்பது, சோளக்கொல்லைப் பொம்மைக்கும் நாயாக மாறிய மனிதனுக்கும் இதிலுள்ள தொடர்பு, ஹவுல் சுற்றிவரும் ஆசிரியை மிஸ் அங்கோரியன் உண்மையில் யார் என்பது, எல்லாமே ஒரே மூச்சில் வந்து கொட்டுகின்றன. நான் இரண்டு முறை திரும்பப் புரட்டித்தான் யார் யார் என்று பிடித்தேன். நகைச்சுவைக்கு அவ்வளவு இடம் கொடுத்த ஆசிரியர் முடிச்சு அவிழ்வதற்கும் இன்னும் இரண்டு அத்தியாயம் கொடுத்திருக்கலாம்.

அடுக்களை

முடிவைப் பற்றிப் பனையோலை அண்ணா சொல்வது நியாயம். எனக்கும் அங்கே தலை சுற்றியது.

நான் நகைச்சுவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மந்திர உலகம் என்றாலே மலைச்சிகரம், வாள், தீர்க்கதரிசனம் என்று பழகிவிட்டோம். இங்கே மந்திரம் நடக்கும் இடம் ஒரு அழுக்கு அடுப்பங்கரை. சிலந்தி வலை, கழுவாத பாத்திரம், பேசும் அடுப்பு. முதல் நாள் காலையில் சோஃபி பன்றி இறைச்சியும் முட்டையும் பொரிக்கப் பார்க்கிறாள். கால்சிஃபர் முடியாது என்கிறது. ஹவுலைத் தவிர வேறு யாருக்கும் அது தலை குனிந்து சட்டியைத் தாங்கியதில்லை. பல வருஷமாகக் கூட இருக்கும் மைக்கேலுக்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் கதி. இந்தக் கிழவி நேற்று இரவு வந்தவள், ஒரே மிரட்டலில் பூதத்தைக் குனிய வைத்துவிடுகிறாள். அது முனகிக்கொண்டே சட்டிக்கு அடியில் எரிகிறது. மைக்கேல் வாயைப் பிளக்கிறான்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் காட்சி வெறும் தமாஷாக முடிவதில்லை. அந்த வீட்டில் அதிகாரம் யார் கைக்குப் போகப் போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஹவுல் உள்ளே வந்து பார்க்கிறான், கோபப்படவில்லை, யார் நீ என்று கேட்கிறான், சட்டியை வாங்கித் தானே சமைக்கிறான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அப்படியே இருந்துவிடுகிறாள்.

மூத்தவள்

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எங்கள் வீட்டில் நான்தான் மூத்தது. அதனால் சோஃபியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

காதலைப் பற்றிப் பேசும் முன் இந்தப் பெண் யார் என்று பார்க்க வேண்டும். சாபம் விழும் வரை அவள் வாய் திறந்து தனக்கென்று பெரிதாக எதையும் கேட்பதில்லை. தங்கைகள் இருவரும் தங்களுக்கு விதிக்கப்பட்ட இடம் பிடிக்காமல், மந்திரத்தால் முகத்தை மாற்றிக்கொண்டு இடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். மந்திரம் படிக்க அனுப்பப்பட்ட மார்த்தாவுக்குக் கல்யாணம் செய்து பத்துப் பிள்ளை பெற ஆசை. பேக்கரிக்கு அனுப்பப்பட்ட லெட்டிக்கு மந்திரம் படிக்க ஆசை. இருவரும் துணிந்து செய்கிறார்கள். மூத்தவள் மட்டும் கடையில் உட்கார்ந்து தொப்பிக்கு லேஸ் தைக்கிறாள். சம்பளமும் இல்லை. மே தினத் திருவிழா அன்று தெருவில் ஒரு அழகன் பேச வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

அவளைக் கிழவியாக்கிய பிறகுதான் அவளுக்கு வாய் வருகிறது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அழவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். முதுகு வலிக்கிறது, மூட்டு முறுக்குகிறது, ஆனால் யாரையும் அதட்டலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யார் என்ன நினைப்பார்கள் என்ற கவலை இல்லை. வயதானவர்களுக்குக் கிடைக்கும் அந்த உரிமை பதின்வயதில் அவளுக்குக் கிடைக்கவில்லை. எத்தனை வீடுகளில் மூத்த பெண்கள் ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் நினைத்ததைப் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். ஹவுல் அவள்மேல் சாபம் இருப்பதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறான். அவளுக்குத் தெரியாமல் எடுக்கவும் முயல்கிறான், முடியவில்லை. இந்த வேஷம் அவளுக்கே பிடித்திருக்கிறது போல என்ற முடிவுக்கு வருகிறான். அவன் சொல்வது சரி. சாபத்தைப் பாதி பிடித்துவைத்திருந்தவள் அவளேதான். இதை எழுதியவர் சிறுவர்களுக்கான நாவலில் எழுதியிருக்கிறார் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அவ்வளவு நுட்பம்.

இளவேனில்

நான் 2004-இல் இந்த நாவலை வைத்து வந்த, ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாவலுக்கு வந்தேன். படம் எனக்கு உயிர். அதனால் முதல் ஐம்பது பக்கம் ஏமாற்றமாக இருந்தது. படத்தில் வரும் ஹவுல் சோகமும் கம்பீரமும் கலந்தவன், போருக்கு எதிராகப் பறவையாகப் பறக்கிறான். நாவலில் அந்தப் போரே இல்லை. இங்கே இருப்பவன் இரண்டு மணி நேரம் குளியலறையில் இருந்துவிட்டு, ஜலதோஷம் பிடித்தால் சாகப் போகிறவன் போலக் கட்டிலில் படுத்து வீட்டையே ஏவுகிறவன். ராஜா கொடுக்கும் வேலையிலிருந்து தப்பிக்க, தன்னைப் பற்றி ராஜாவிடம் கெட்ட பெயர் சொல்லிவிட்டு வரும்படி சோஃபியை ‘அம்மா’ என்று சொல்லி அனுப்புகிறான். மைக்கேலும் படத்தில் சின்னப் பையன், நாவலில் பதினைந்து வயது, மார்த்தாவைக் காதலிக்கிறான்.

ஆனால் பாதிக்கு மேல் எனக்கு நாவல் ஹவுலையே அதிகம் பிடித்துவிட்டது. படத்தில் சோஃபி அவனைப் பார்த்த உடனேயே நேசிக்கிறாள், வானத்தில் நடக்கும் அந்த ஒரு காட்சியே போதும். நாவலில் அவனுடைய எல்லா அசிங்கத்தையும் துடைத்து, துவைத்து, தைத்துப் பார்த்த பிறகு நேசிக்கிறாள். எனக்கு இரண்டாவதுதான் நிலைக்கும் என்று தோன்றுகிறது. மாற்றுக் கருத்து இருக்கலாம். படம் வேறு, நாவல் வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டையும் ரசிக்கலாம்.

கடற்காகம்

யாரும் வேல்ஸைப் பற்றிப் பேசவில்லையே! என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம் அதுதான்.

கோட்டையின் கதவுக் குமிழில் நான்கு நிறம். பச்சையை வைத்துத் திறந்தால் நகரும் கோட்டை நிற்கும் மலை, நீலம் போர்ட்ஹேவன் என்ற கடற்கரை ஊர், சிவப்பு தலைநகர் கிங்ஸ்பரி. கறுப்பு எங்கே போகிறது என்பது ஹவுலுக்கு மட்டும்தான் தெரியும். நாமும் பயங்கரமான ஏதோ ஓர் இருட்டுலகம் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். கறுப்புக் கதவைத் தாண்டினால் நம்முடைய உலகம், வேல்ஸ் நாடு, வரிசை வீடுகள் உள்ள ஒரு சாதாரணத் தெரு. ஹவுலின் உண்மைப் பெயர் ஹவல் ஜென்கின்ஸ். அக்கா மெகன் அவனைப் பார்த்ததும் படித்த படிப்பை வீணாக்கிவிட்டாய் என்று பொரிகிறாள். அக்கா மகன் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. இங்கரியில் ராஜாவே தேடும் மந்திரவாதி, அக்கா வீட்டில் வேலைவெட்டி இல்லாத தம்பி. காரில் போகும்போது சோஃபி மிரள்வதைப் படித்து ரசியுங்கள்.

அங்கிருந்துதான் அந்தக் கவிதை வருகிறது. மைக்கேல் விடாமல் முட்டி மோதிப் பார்க்கும் ‘மந்திரம்’, உண்மையில் ஹவுலின் அக்கா மகன் நீலின் பள்ளி வீட்டுப்பாடம். தாள் மாறிப்போயிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் பாடல் அது. விழும் நட்சத்திரத்தைப் பிடி, கடற்கன்னி பாடுவதைக் கேட்கக் கற்றுக்கொடு, பத்தாயிரம் பகலும் இரவும் பயணம் போ, அப்படிப் போனாலும் அழகும் உண்மையும் சேர்ந்த பெண்ணைக் காண மாட்டாய் என்று நடக்காத காரியங்களாக அடுக்கும் கவிதை. மைக்கேலும் சோஃபியும் அதை நிஜமான குறிப்பு என்று நம்பி, ஏழு காதப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சதுப்பு நிலத்தில் நட்சத்திரம் பிடிக்கப் போகிறார்கள். ஆனால் சூனியக்காரி அதையேதான் ஹவுலுக்குச் சாபமாக வைத்திருக்கிறாள். அதில் சொன்ன ஒவ்வொன்றும் கதையில் நடந்தே தீருகிறது. பத்தாயிரம் நாள் என்றால் ஏறக்குறைய இருபத்தேழு வயது, அந்த வயதைத் தொடும் நாளை எண்ணிக்கொண்டுதான் ஹவுல் நழுவி நழுவித் திரிகிறான்.

பனையோலை, நீங்கள் காதல் எங்கே என்று கேட்டீர்கள். அழகும் உண்மையும் உள்ள ஒரு பெண்ணும் உலகில் இல்லை என்று அடித்துச் சொல்லும் கவிதையைச் சாபமாக வைத்துவிட்டு, அதே வீட்டில் ஒரு பெண்ணைக் கையில் துடைப்பத்தோடு உட்கார வைத்திருக்கிறார் ஆசிரியர். இதைவிடக் காதலாக ஒரு கதையை எப்படிக் கட்டுவது?

இன்னொரு தகவல். டயானா வின் ஜோன்ஸ் 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது மந்திர உலகக் கதைகளுக்குப் பேர்போன டோல்கீன், சி. எஸ். லூயிஸ் இருவருடைய வகுப்புகளிலும் உட்கார்ந்தவர். தேவதைக் கதைகளின் விதிகள் எல்லாம் அத்துப்படி. அதனால்தான் அவற்றை இவ்வளவு உரிமையோடு கவிழ்த்துப் போட முடிகிறது. நகரும் கோட்டை என்ற யோசனை மட்டும், அவர் போயிருந்த ஒரு பள்ளியில் ஒரு பையன் கேட்டது. நாவலின் முகப்பிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்.

பனையோலை

கடற்காகம், கவிதை விஷயத்தை நீங்கள் சொன்ன பிறகு மறுபடி புரட்டினேன். கட்டமைப்பு பிரமாதம், மறுக்கவே இல்லை. இருந்தாலும் நான் கேட்டது கட்டமைப்பை அல்ல. ஹவுலுக்கு சோஃபிமேல் காதல் வந்துவிட்டது என்று முடிவுக்கு முன்னால் எந்த இடத்தில் தெரிகிறது? ஒரு காட்சி காட்டுங்கள். அவன் மிஸ் அங்கோரியனைச் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறான்?

கொன்றை

காட்டுகிறேன்!

சோஃபி வந்த புதிதில் மைக்கேல் அவளிடம் ஒன்று சொல்கிறான். ஹவுல் பெண் பார்க்கக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் குளியலறையில் மணிக்கணக்கில் அலங்காரம் செய்வான், அதை என்றைக்கு மறக்கிறானோ அன்றைக்குத்தான் அவன் நிஜமாகக் காதலிக்கிறான் என்று நம்புவேன் என்கிறான். படிக்கும்போது சிரித்துவிட்டுக் கடந்துபோகும் வரி.

இப்போது கடைசிக்கு வாருங்கள். சோஃபி, மிஸ் அங்கோரியன் பிடிபட்டுவிட்டாள் என்று நம்பி, அவளை மீட்கப் பாழ்நிலத்துக்குத் தன்னந்தனியாகக் கிளம்பிச் சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்கிறாள். ஹவுல் வந்து நிற்கிறான். சவரம் செய்யவில்லை. தலை வாரவில்லை. கண்கள் சிவந்திருக்கின்றன, உடை கந்தல். சாயப் பொட்டலம் இடம் மாறியதற்கே பச்சைக் கூழாக வழிந்தவன் அப்படியே ஓடி வந்திருக்கிறான். மைக்கேல் சொன்னதை ஆசிரியர் அங்கே ஞாபகப்படுத்துவதே இல்லை. ‘அவன் அவளை நேசித்தான்’ என்று ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்ட காட்சி இதுதான், பனையோலை. நூறு பக்கத்துக்கு முன்னால் சிரிக்க வைத்த அதே விஷயம் இங்கே தொண்டையை அடைக்கிறது.

சோஃபி பக்கமும் அப்படித்தான். அவள் தொப்பி தைக்கும்போது பேச ஆளில்லாமல் தொப்பிகளோடு பேசுகிறாள். நீ பணக்காரனைக் கட்டிக்கொள்வாய், உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டுகொள்வார் என்று. அந்தத் தொப்பியை வாங்கிப் போன பெண்களுக்கு அதுவே நடக்கிறது, ஒருத்தி பிரபுவோடு ஓடியே போகிறாள். ஹவுலின் சாம்பலும் சிவப்புமான உடையைத் தைக்கும்போதும் பெண்களை இழுப்பதற்கென்றே செய்த உடை என்று முணுமுணுக்கிறாள். தன் பேச்சுக்கு உயிர் கொடுக்கும் சக்தி இருப்பது அவளுக்கே தெரியாது. வேலியில் சிக்கிய சோளக்கொல்லைப் பொம்மை, கைத்தடி, எல்லாம் அவள் பேசிப் பேசியே உயிர் பெற்றவை. கால்சிஃபர் அதை முதல் நாளே கண்டுகொண்டது. ஒப்பந்தத்தை வேறு யார் உடைத்திருந்தாலும் தான் செத்திருப்பேன், உன்னால் பேசியே உயிர் கொடுக்க முடியும், அதனால்தான் உன்னைக் கேட்டேன் என்று கடைசியில் சொல்கிறது. அவள் கால்சிஃபரை விடுவித்து, ஒப்பந்தப்படி அதனிடம் இருந்த ஹவுலின் இதயத்தை எடுத்து அவன் நெஞ்சில் திரும்ப வைக்கிறாள். அப்போதும் பேசிக்கொண்டேதான் செய்கிறாள்.

இந்த நாவலில் சிரிப்பு வருவது அவள் வாயால். மந்திரம் நடப்பது அவள் வாயால். அவனுக்கு இதயம் திரும்பக் கிடைப்பதும் அதே வாயால். நகைச்சுவை ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம் என்று நான் தனித்தனியாகத் தேடியபோது காதல் மட்டும் கிடைக்கவில்லை. அவளுடைய திட்டுகளை மட்டும் வரிசையாகத் திரும்பப் படித்தபோது மூன்றும் சேர்ந்தே கிடைத்தன.

மூத்தவள்

கொன்றை, அந்தத் தொப்பி விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்லாத் தொப்பிக்கும் நல்ல வாக்குச் சொன்னவள், தன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் மூத்தவள், தோற்பதற்கே பிறந்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு அவ்வளவு சக்தி உள்ளவள் தனக்குத் தானே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசியுங்கள். சூனியக்காரியின் சாபம் அதற்கு மேல் போட்ட ஒரு பூச்சுதான்.

பனையோலை

குளியலறை வரியை நான் கவனிக்கவே இல்லை, கொன்றை. அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். நன்றி. ஹவுலுக்குக் காதல் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அவன் விட்டுவிட்டுப் போன மற்ற பெண்களுக்கு நியாயம் செய்யவில்லை என்ற என் குறை அப்படியேதான் இருக்கிறது. இதயம் இல்லாததால் அப்படி இருந்தான் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. இதயம் இல்லாதவனுக்கு மைக்கேல்மேல் அத்தனை பரிவு எப்படி வந்தது? அநாதையாக வாசற்படியில் கிடந்த பையனை வெளியே போ என்று சொல்லாமல் வைத்துக்கொண்டவன், ஏழைகளிடம் காசு சரியாக வாங்காதவன், பெண்கள் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி?

இளவேனில்

தொடர்ச்சி நாவல்கள் உண்டாமே, யாராவது படித்திருக்கிறீர்களா? இதில் மனம் நிறைந்துவிட்டது, கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று தயக்கம்.

கடற்காகம்

இரண்டு இருக்கின்றன, இளவேனில். 1990-இல் ‘காசில் இன் தி ஏர்’, 2008-இல் ‘ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்’. ஒன்று சொல்லிவிடுகிறேன், சோஃபியும் ஹவுலும் முதன்மைப் பாத்திரங்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலாவது, அப்துல்லா என்ற கம்பள வியாபாரியின் கதை. தெற்கே உள்ள ஒரு பாலைவன நாட்டில் தொடங்குகிறது. நம் ஆட்கள் வெகு நேரம் கழித்துத்தான் வருகிறார்கள், எந்த உருவத்தில் வருகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். இரண்டாவதில் சார்மைன் என்ற பெண், புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதவள், ஒரு மந்திரவாதியின் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அதில் ஹவுல் மழலை பேசும் ஒரு சின்னப் பையன் வேஷத்தில் வந்து சோஃபியைப் படுத்தும் பாடு ஒன்றுக்காகவே படிக்கலாம். கல்யாணமாகிக் கையில் குழந்தை வந்த பிறகும் இருவரும் அதே சண்டையைத்தான் போடுகிறார்கள்.

பனையோலை அண்ணாவின் கேள்விக்கு என் பதில் இது. மைக்கேலையும் ஏழைகளையும் பற்றி ஹவுல் ஒரு முடிவு எடுப்பதே இல்லை. போ என்று சொல்லாமல் விட்டான், காசு கேட்காமல் விட்டான், அவ்வளவுதான். அவன் பரிவு முழுக்க நழுவலில் வந்தது. காதலில் நழுவ முடியாது, ஒரு இடத்தில் நின்று ஆம் என்று சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இதயம் தேவைப்பட்டது என்று நான் படிக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ‘காசில் இன் தி ஏர்’ முடித்துவிட்டு அடுத்த மாதம் இதே இழையில் தொடரலாம், அதில் உங்களுக்கு இன்னும் நல்ல ஆதாரம் இருக்கிறது.